ராசா வேட்டியில எறும்பு

ஒரு ஊர்ல தென்னவராயன்னு ஒரு ராசா இருந்தாராம். இனிப்புன்னா அவருக்கு உசுரு. காலையில அதிரசம், மத்தியானம் பாயசம், பொழுதுசாய லட்டு. தின்னு தின்னு, ஒரு வருசம் சீக்கு வந்துருச்சு. குடம் குடமா தண்ணி குடிப்பாராம், தாகம் அடங்காதாம். ஆளு எளைச்சு, கண்ணு மங்கி, வாளத் தூக்கக்கூடத் தெம்பில்லையாம்.

அரமனை வைத்தியர் சடையப்பர் லேகியச் சட்டியோட வந்தாரு. "மூணு வேளையும் மூணு உருண்டை முழுங்குங்க மகாராசா, சரியாயிரும்"னாரு. ராசாவும் முழுங்குனாரு. தித்திப்பாத்தான் இருந்துச்சு, ஆனா சீக்கு கூடிக்கிட்டே போச்சு. சீக்கு கூடக்கூட ராசா வைத்தியரக் கூடவே வச்சுக்கிட்டாரு. வைத்தியருக்கு அதானே வேணும்? தெனமும் ராசா பந்தியிலல்ல சாப்பாடு!

அந்த அரமனைக்குத் துணி வெளுக்கிறவ பூவாயி. அவ ஒருநா அழுக்கு மூட்டையப் பிரிச்சா, ராசா வேட்டியில மட்டும் எறும்பு மொய்க்குது. மறுநாளும் மொய்க்குது. மூணாம் நாளும் மொய்க்குது. அவ மாமியாருக்கும் இப்படித்தான் இருந்துச்சு, அதனால அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. நேரா ராசாகிட்ட போயி, "சாமி, ஒங்க ஒண்ணுக்குல சக்கரை போகுது. லேகியத்த நிறுத்துங்க"ன்னா.

வைத்தியர் குதிச்சாரு. "பொய்! இவள ஊர விட்டுத் தொரத்துங்க!"

ஆனாலும் பூவாயி, "சோதிச்சுப் பாருங்க சாமி, பொய்யின்னா நானே போயிர்றேன்"னா.

அரமனை முற்றத்துல மூணு சட்டி வச்சாங்க. ஒண்ணுல மந்திரி ஒண்ணுக்கு, ஒண்ணுல யானை ஒண்ணுக்கு, ஒண்ணுல ராசா ஒண்ணுக்கு. சிரிக்காதீங்கடா, கேளுங்க! எறும்பு சாரை சாரையா வந்துச்சு. மந்திரி சட்டியத் தாண்டிச்சு, யானை சட்டியத் தாண்டிச்சு, ராசா சட்டியில ஏறிச்சு.

ராசா திரும்புனாரு. "வைத்தியரே, இப்ப நீரே மூணு உருண்டை முழுங்கும்."

வைத்தியர் ராசா கால்ல விழுந்தாரு. "வேணாம் மகாராசா! எனக்கும் இதே சீக்குதான். லேகியம் முழுக்க வெல்லப்பாகு!"

அப்புறமென்ன? பூவாயி சொன்ன பத்தியந்தான். காலையில ஊறவச்ச வெந்தயம், மத்தியானம் பாவக்காப் பொரியல், சாயங்காலம் நாவக்கொட்டைப் பொடி. பல்லக்கு கெடையாது, நடைதான்.

"கசக்குதே பூவாயி!"

"கசக்கட்டும் சாமி. அதுல இருக்கிற சத்துதான் ரத்தத்துச் சக்கரைய மட்டுப்படுத்தும்."

"அடியோட போயிருமா?"

"போகாது சாமி. நீங்க வாயக் கட்டுனா, அது கட்டுக்குள்ள இருக்கும்."

மூணு மாசத்துல தாகம் கொறைஞ்சுது. ராசா வாளத் தூக்கிச் சுழட்டுனாரு. பூவாயி கேட்டபடி, அவ துணி தொவைக்க ஆத்துல வழுக்காத கல்படி கட்டிக் குடுத்தாரு. வைத்தியர் என்ன ஆனாரா? அரமனைப் பாவக்காப் பந்தலுக்கு தெனம் நூறு கொடம் தண்ணி சொமக்கணும், காய்ச்சதத் தானும் திங்கணும். அதுல அவரு சீக்கும் மட்டுப்பட்டுப் போச்சாம்! ஆனாலும் மூஞ்சியச் சுழிச்சுக்கிட்டேதான் தின்னாராம்.

நெசத்தச் சொன்னவ நிம்மதியா வெளுத்தா, பொய் சொன்னவரு பாவக்கா தின்னாரு, எங்கதையும் இத்தோட செரிச்சுப்போச்சு.