ஒரு குறையும் இல்லாத நாடு

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை மகுடவர்த்தனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு உத்தரவு போடுவான், மத்தியானம் அதற்கு நேர்மாறாக இன்னொன்று, மற்றபடி நல்லவன். அவனுடைய மந்திரி குழல்வாய்மொழி. மந்திரியாக இருந்த அப்பா கண்ணை மூடியதும் பதவி மகளுக்கு வந்தது. சபையில் இருந்த மீசைகளுக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை. முக்கியமாகப் பூபாலராயரின் மீசைக்கு.

கோட்டைக்கு வெளியே அந்த அப்பா கட்டிய தர்ம வைத்தியசாலை இருந்தது. நடக்க முடியாதவர்களுக்குப் படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை, மலைஜனங்களின் பாஷை தெரிந்த ஒரு தாதி, வெளியில் சொல்லக் கூசும் வியாதிகளுக்குக் கதவு சாத்திய ஒரு தனி அறை என்று மனுஷன் யோசித்துக் கட்டியிருந்தார்.

ஒருநாள் அதைப் பார்க்க வந்த வெளிநாட்டுத் தூதன் ஒருவன், "இங்கே எல்லா ஜனங்களும் வருகிறார்களா, அல்லது சிலபேர் மட்டுமா?" என்று கேட்டுவிட்டான். ராஜா மந்திரியைத் திரும்பிப் பார்த்தான்.

"கேட்கவேண்டிய கேள்விதான்," என்றாள் குழல்வாய்மொழி. "யார் வருகிறார்கள் என்று தெரிந்தால்தானே யார் வரவில்லை என்று தெரியும்? பக்குவமாகக் கேட்டால்..."

"ஊறுகாயா போடுகிறோம், பக்குவம் பார்க்க?" பூபாலராயர் குறுக்கே புகுந்தார். "என்னிடம் விடுங்கள் மகாராஜா. வாசலில் நிற்கவைத்துக் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்கள்."

விட்டான் ராஜா. ராயர் என்ன செய்தார்? தண்டோரா போடுகிற வேலன்கோட்டியைப் பிடித்து வாசலில் உட்காரவைத்தார். அவன் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் குழந்தை விழித்துக்கொள்ளும். பெயர், ஊர், குலம், வீட்டில் பேசும் பாஷை, கும்பிடும் சாமி, உடம்பில் உள்ள குறை, எல்லாவற்றையும் வரிசையில் நிற்கிற அத்தனைபேர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டான். எதற்குக் கேட்கிறார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. முந்தின ராஜா வீட்டுக்கு எத்தனை தறி என்று கேட்டார், மறுமாதமே தறிவரி வந்தது. ஜனங்கள் அதை மறப்பார்களா?

ராயர் சபைக்கு வந்து மார்பை நிமிர்த்தினார். "மகாராஜா! வருகிறவர்கள் எல்லோரும் அரண்மனை பாஷைதான் பேசுகிறார்கள். எல்லோரும் மகாராஜாவின் குலதெய்வத்தையே தங்கள் குலதெய்வம் என்கிறார்கள். நொண்டி இல்லை, செவிடு இல்லை, ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை!"

"அப்புறம் எதற்கு வைத்தியசாலைக்கு வந்தார்களாம்?" என்றாள் குழல்வாய்மொழி.

ராஜாவின் காதில் அது ஏறவில்லை. பூரித்துப்போயிருந்தான். "அப்படியானால் சரிவுப் பாதை எதற்கு? இடித்துவிடு. தாதி மலைக்குப் போகட்டும். தனி அறையில் விறகு அடுக்கலாம்."

"அவர்கள் பயந்து பொய் சொல்கிறார்கள், மகாராஜா."

"என் குடிகளா? பொய்யா? அமாவாசைக்குள் பொய் சொன்னவன் ஒருவன் உண்டென்று நிரூபி. இல்லாவிட்டால் இடிப்பதை இடித்துவிட்டு நீயும் வீட்டுக்குப் போகலாம்."

ராயர் மீசைக்குள் சிரித்தார். குழல்வாய்மொழி ராஜாவைப் பார்த்தாள். பேசும்போதே இந்தப் பக்கம் சாய்கிறான், அந்தப் பக்கம் சாய்கிறான். அடியில் மெத்தைமேல் மெத்தை. அவளுக்குப் புரிந்துவிட்டது. மூலவியாதி! அரண்மனை வைத்தியரோ ராயரின் மைத்துனர். காலையில் நாடி பார்த்தால் சாயங்காலத்துக்குள் சமையற்கட்டுவரை சேதி போய்விடும்.

சபை கலைந்ததும், "மகாராஜா, எந்த உபாதையானாலும் அந்தத் தனி அறை வைத்தியர் வெளியே மூச்சுவிடமாட்டார்," என்று மட்டும் சொன்னாள்.

"எனக்கென்ன உபாதை?" என்று ராஜா எரிந்துவிழுந்தான். மறுநாள் காலையே சாதாரணத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். பெண்கள் வரிசையில் முக்காட்டோடு நின்றாள் மந்திரி.

"பேரு?" வேலன்கோட்டி இரைந்தான்.

"சங்கு... சங்குமணி. மிளகு வியாபாரி."

"வீட்ல என்ன பாஷை?"

ராஜாவின் தாயார் வேறு தேசத்துப் பெண். தூக்கத்தில் அவனுக்கு வருவது அந்தப் பாஷைதான். "இந்த ஊர் பாஷைதான்," என்றான்.

"உடம்புல என்ன குறை? சத்தமாச் சொல்லுமய்யா!"

பின்னால் இருந்த கழுத்துகளெல்லாம் நீண்டன. ராஜா தலைப்பாகையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டான். "ஒரு குறையும் இல்லை!"

"பின்னே எதுக்கு வந்தீரு?"

"சும்மா... கட்டடம் நல்லா இருக்குன்னாங்க. பாத்துட்டுப் போகலாம்னு."

"பாத்தாச்சில்ல? நவுரும்!"

மருந்து வாங்காமலே ராஜா திரும்பிப் போனான், கால்களை அகட்டிக்கொண்டு.

அடுத்த சபையில் ராயர் குதூகலித்தார். "நேற்று ஒரு மிளகு வியாபாரி, மகாராஜா, நோய்நொடியே இல்லாமல் கட்டடத்தின் அழகைப் பார்ப்பதற்கென்றே வந்தானாம்!"

"அப்படியா!" என்றாள் குழல்வாய்மொழி. "இனி யோசிக்க என்ன இருக்கிறது? தனி அறையை இன்றே மூடிவிடலாம். முத்திரை வையுங்கள், மகாராஜா."

ராஜாவின் கை முத்திரை மோதிரத்தோடு அந்தரத்தில் நின்றது. "பொறு, பொறு. அவன் பொய் சொல்லியிருக்கலாம்."

"இருக்கலாமா?"

"சொன்னான். எனக்குத் தெரியும்."

ராயர் துள்ளி எழுந்தார். "யார் அந்தத் துரோகி? பெயரைச் சொல்லுங்கள், இழுத்துவருகிறேன்!"

"பெயர் எதற்கு?" என்று கத்தினான் ராஜா.

"அதைத்தான் நானும் கேட்கிறேன், மகாராஜா," என்றாள் மந்திரி. "பெயர் எதற்கு?"

ராஜா அவளைப் பார்த்தான். அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சொல்லமாட்டாள் என்பதும்.

"சரி. நீ எப்படிக் கேட்பாய்?"

"முதலில் மருந்து, அப்புறம் கேள்வி. எதற்குக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். திரைக்குப் பின்னால் வாய் குறுகிய பானைகள் இருக்கும். மலைபாஷை பேசுகிறவர்களுக்கு ஒன்று, நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஒன்று, இப்படி. தனக்கு உரியதில் ஒரு குன்றிமணியைப் போட்டுவிட்டுப் போகட்டும். விருப்பமில்லாதவர் போடவேண்டாம், யார் போட்டார், யார் போடவில்லை என்று யாரும் பார்க்கப்போவதில்லை."

"இதெல்லாம் பெண்பிள்ளை விளையாட்டு!" என்றார் ராயர்.

"நீர் விளையாட வேண்டாம்," என்றான் ராஜா. "ராயரை அந்த வாசலில் உட்காரவையுங்கள். வேலன்கோட்டியே அவரைக் கேட்கட்டும். வயது, பல் எத்தனை சொந்தம், மீசைக்கு மை எந்தக் கடையில். வரிசை மொத்தமும் கேட்கும்படி பதில் வரவேண்டும்."

கேள்வி பல்லைத் தாண்டுவதற்குள் ராயர் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். என்ன குறை என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் குழல்வாய்மொழி பானைகளைச் சபையில் கவிழ்த்தாள். எல்லாவற்றிலும் குவியல் குவியலாகக் குன்றிமணி. இடிக்கச் சொன்ன சரிவுப் பாதையை இரண்டு மடங்கு அகலமாக்கச் சொன்னான் ராஜா. மலைத் தாதிக்கு இன்னும் இரண்டு தாதிகள் துணைக்கு வந்தார்கள்.

தனி அறைப் பானையின் குவியல்தான் எல்லாவற்றிலும் பெரிது. ராஜா இறங்கிவந்து அதன் முன்னால் குனிந்தான். விரலால் கிளறினான். எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே கறுப்புப் பொட்டு. தான் போட்டது எது என்று அவனுக்கே தெரியவில்லை.

"அப்பாடா," என்றான் ராஜா.