எலும்புக்குள் மூட்டிய அடுப்பு

உயிர்களெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அவற்றின் உடம்புக்குள் இருந்தவையும் வாய்மூடிக் கிடக்கவில்லை. மலையடிவாரக் காட்டில் சினையாக இருந்த ஒரு புள்ளிமானின் உடம்பிலும் அப்படித்தான். ஈரல் பேசுவாள். அவளுடைய தங்கை மண்ணீரல் வம்பு பேசுவாள். தொடையெலும்பு மட்டும் அளந்து பேசுவான்.

குருதி ஆக்கும் வேலை அப்போது ஈரலுடையது. அவள் மடியில் ஒரு பிடி தாய் அணுக்கள் இருந்தன, விதைநெல் போல. அவற்றிலிருந்து மூச்சைச் சுமந்து ஓடும் சிவப்புப் பிள்ளைகள் பிறந்தார்கள். நோயோடு மல்லுக்கட்டும் வெள்ளைப் பிள்ளைகள் பிறந்தார்கள். காயம் பட்ட இடத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு சில்லுகளும் பிறந்தன. யாருக்கும் நீண்ட ஆயுள் இல்லை. அதனால் குருதி ஆக்கும் அடுப்பு அணையவே கூடாது. உண்ட தழையிலிருந்து நஞ்சைப் பிரிப்பதும் அவள் பொறுப்புதான். இரண்டையும் ஒரே இடத்தில் செய்துகொண்டிருந்தாள்.

"எங்கக்கா இப்படி வேகுறா. நீங்க நிக்கிறதைத் தவிர என்னண்ணே பண்றீங்க?" என்று மண்ணீரல் தொடையெலும்பைச் சீண்டுவாள்.

"நான் கல்லு. உள்ளயும் வெளியயும் கல்லு. கல்லுக்கு நிக்கிறதுதான் வேலை" என்பான் அவன்.

அது பொய். உள்ளே அவன் வெறும் கூடு. அவனை நம்பித்தான் மான் பாறைக்குப் பாறை தாவினாள். காலுக்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் பயந்து நின்றுவிடுவாளோ என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. காலியாக இருப்பதில் அவனுக்கு ஒரு வெட்கமும் இருந்தது.

ஒரு கோடையில் மழை பொய்த்தது. காய்ந்த ஓடைக்கரையில் பச்சையாக நின்றது அரளி ஒன்றுதான். வயிற்றுப்பிள்ளையின் பசி பொறுக்காமல் மான் அதில் ஒரு வாய் கடித்துவிட்டாள். தலை சுற்றித் தள்ளாடியபோது சிறுத்தை பாய்ந்தது. விலாவைக் கிழித்த நகத்திலிருந்து எப்படியோ உருவிக்கொண்டு ஓடி, சூரைமுள் புதருக்குள் விழுந்தாள். முள்ளுக்கு அஞ்சிச் சிறுத்தை திரும்பிப் போய்விட்டது. குருதி மட்டும் நிற்கவில்லை.

"யாராச்சும் ஏதாச்சும் செய்யுங்களேன். உள்ள பிள்ளை இருக்கு" என்றாள் மான்.

ஈரல் அழாத குறையாகச் சொன்னாள்: "அரளி நஞ்சு கை நிறைய இருக்கும்மா. இதை விட்டா உன் நெஞ்சு நின்னுடும். இதைப் பிடிச்சிருந்தா குருதி ஆக்க முடியாது. இன்னொரு அடுப்பு மூட்ட எனக்கு ஏது இடம்?"

மானின் கால்கள் குளிர ஆரம்பித்தன.

அப்போது தொடையெலும்பு வாய் திறந்தான். "எங்கிட்ட இடம் இருக்கு."

"கல்லுக்குள்ளயா?" என்றாள் ஈரல்.

"கல்லு இல்ல. இத்தனை நாளும் பொய் சொன்னேன். உள்ள காலி." பிறகு மானிடம் மெல்லச் சொன்னான். "மன்னிச்சிடும்மா. தெரிஞ்சா நீ தாவ மாட்டேன்னு நினைச்சேன்."

அந்த வேதனையிலும் மான் சிரித்தாள். "எனக்குத் தெரியாதாண்ணே? நீ கல்லா இருந்திருந்தா உன்னைத் தூக்கிட்டு எப்படித் தாவியிருப்பேன்?"

எலும்பு தன் உடம்பில் தானே ஒரு சிறு துளை போட்டுக்கொண்டான். வலித்தது. ஈரல் மடியை அவிழ்த்துத் தாய் அணுக்களைக் குருதி வழியே அனுப்பினாள். அவை துளைக்குள் நுழைந்து, இருட்டான அந்தக் கூட்டில் செம்மண் சேறுபோல் மெத்தென்று படிந்து முளைவிட்டன. அதுதான் மஜ்ஜை. வெயிலும் நஞ்சும் எட்டாத இடம். அடுப்பு நின்று எரிந்தது.

"எங்களுக்குள்ளயும் கொஞ்சம் இடம் இருக்கு" என்றது இடுப்பெலும்பு, தயங்கித் தயங்கி. விலாவும் நெஞ்செலும்பும் அதையே சொல்லின.

"அடடா, இந்த வீட்டுல ஒருத்தர்கூட கல்லு இல்லையா!" என்றாள் மண்ணீரல். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

முதலில் சில்லுகள் ஓடிப்போய்க் காயத்தை அடைத்தன. வெள்ளைப் பிள்ளைகள் காவல் நின்றார்கள். சிவப்புப் பிள்ளைகள் மூச்சைச் சுமந்து குளம்புவரை போனார்கள். பொழுது சாய்வதற்குள் மானின் கால்களில் சூடு திரும்பியது. வயிற்றுக்குள் குட்டி ஓர் உதை விட்டது. மான் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டாள்.

"பிள்ளைக்கு எலும்பு இன்னும் முத்தலை" என்றாள் ஈரல். "வயித்துல இருக்கிறவரை அதோட ஈரலே ஆக்கிப்போடட்டும். அப்புறம் எலும்பு பாத்துக்கட்டும்."

உயிர்கள் பேசிக்கொண்ட காலமாதலால் இந்த வழக்கம் மானிலிருந்து மனிதர்வரை பரவியது. சோறு ஆக்குவதுபோல் நாளும் பொழுதும் நடக்கிற இந்த வேலைக்குத்தான் குருதியாக்கம் என்று பெயர். ஒருவர் வெளிறிச் சோர்ந்து வந்து நின்றால், குருதியாக்கம் சரியாக நடக்கிறதா என்று மருத்துவர்கள் இடுப்பெலும்புக்குள் ஊசி விட்டுப் பார்க்கிறார்கள். மஜ்ஜை ஓய்ந்துபோனால் ஈரலும் மண்ணீரலும் பழைய அடுப்பைத் தேடி எடுத்து மூட்டிப் பார்ப்பதும் உண்டு.

எலும்பு தன் வெறுமையை வாய்விட்டுச் சொன்ன அந்த மாலையிலிருந்துதான், நம் குருதி எலும்புக்குள்ளே பிறந்துகொண்டிருக்கிறது.