ஆட்டிடம் சம்மதம் கேட்ட காடு

மழை பொய்த்த காடு அது. ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதுவும் யானையின் கணுக்கால் அளவு. மிருகங்கள் எல்லாம் ஆலமரத்தடியில் கூடின.

"சாமிக்குக் கோபம். ஒரு கிடா கொடுத்தா மழை கொட்டும்," என்றது நரி. ஊர்க் கோயில் கொடை விழாவைப் புதருக்குள் இருந்து பார்த்த அனுபவம் அதற்கு உண்டு. அதனால் அதுவே பூசாரி ஆகிவிட்டது.

கிடாவுக்கு எங்கே போவது? மந்தையைத் தவறவிட்டுக் காட்டுக்குள் வந்த செம்பன் என்ற வெள்ளாட்டுக் கிடா இருந்தது. கேட்க நாதியில்லாத ஆடு. புலியை நேர்ந்துவிடலாம் என்று யாருக்காவது தோன்றியதா? தோன்றாது.

மானுக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. செம்பன் அதன் குட்டியோடு தினமும் விளையாடும். "பாவம் நரியண்ணே, அதுக்கு இஷ்டமில்லாம எப்படி?" என்றது.

"அதுகிட்டயே சம்மதம் கேப்போம். மேல தண்ணி ஊத்துவோம். உடம்பைச் சிலுப்பினா சாமியும் ஏத்துக்கிச்சு, ஆடும் சரின்னுடுச்சு. சிலுப்பலைன்னா விட்டுடுவோம். ஊர்ல அதான் வழக்கம்," என்றது நரி.

எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. பாவம் நம் தலையில் இல்லை என்றால் யாருக்குத்தான் நிம்மதி வராது?

யானை துதிக்கை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. செம்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஒரு மயிர்கூட அசையவில்லை.

"சிலுப்பலையே, விட்டுடலாம்ணே," என்றது மான்.

"சாமி யோசிக்குது. இன்னொரு தடவை ஊத்து," என்றது நரி.

யானை ஊற்றியது. செம்பன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. பிறகு கெஞ்சியது: "எனக்குச் சம்மதமில்லை. வாயாலேயே சொல்றேன். இந்தத் தண்ணிய என் மேல கொட்டாம உங்க பிள்ளைங்களுக்குக் குடுங்க."

"ஆடு பேசுறதெல்லாம் கணக்கில்லை. சிலுப்பினாத்தான் கணக்கு," என்றது நரி.

மறுபடியும் ஊற்றின. மறுபடியும். வெயில் சாயும் நேரத்தில் யானை குளத்தின் அடியைத் துழாவி, சேற்றோடு கொஞ்சம் உறிஞ்சி வந்தது. நரி அதைக் காதுக்குள் விடச் சொன்னது. காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் பொறுக்கும்? செம்பன் தலை முதல் வால் வரை சிலுப்பியது.

"சம்மதம் கொடுத்துட்டான்!" என்று நரி கத்தியது. காடே குலவையிட்டது. மானும் சேர்ந்துதான் குலவையிட்டது.

நரி படையலை வயிறாரத் தின்றுவிட்டுப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டது. மழை வரவில்லை. மான் தன் குட்டியைக் குளத்துக்குக் கூட்டிப்போனது. ஈரச் சேறுதான் கிடந்தது. அதை நக்கிப் பார்த்த குட்டி, "அம்மா, தண்ணி எங்கே?" என்றது. மறுநாள் அந்தச் சேறும் காய்ந்தது. குட்டி எழுந்திருக்கவில்லை.

தனக்கு வேண்டிய பதில் வரும்வரை எளியவனைக் கேட்டுக்கொண்டே இருப்பவன், அவன் உயிரோடு தன் பிள்ளையின் உயிரையும் சேர்த்தே பலியிடுகிறான்.