மடை திறக்க முத்திரை ஓலை

ஏரி மடையைத் திறப்பதற்குக்கூடத் தலைநகரிலிருந்து முத்திரை ஓலை வரவேண்டும் என்பது தம் ஏழு நாடுகளுக்கும் பேரரசர் போட்ட சட்டம். பொறுக்க முடியாமல் செம்பனூர் நாட்டார், "பிரிந்து போகிறோம்" என்று சொல்லியனுப்பினார்கள்.

மேட்டிலிருந்த அந்த ஊரைக் கொளுத்தப் படையோடு வந்த பேரரசர், ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் கூடாரம் அடித்தார். பேய்மழை பிடித்தது. பின்னால் ஆற்றில் வெள்ளம்; முன்னால் ஏரிக்கரை கசிந்தது; மடையைத் திறந்து வாய்க்கால் வழியே நீரை வடிக்காவிட்டால் உடைந்துவிடும். நீருக்குள் முங்கி மடைக்கல்லைத் தூக்கத் தெரிந்தவள் செம்பனூர்க் காத்தாயி ஒருத்திதான்.

"திறடி மடையை!"

"முத்திரை ஓலை எங்க சாமி?"

"நானே வாயால் சொல்கிறேனே!"

"வாய்ச்சொல் செல்லாதுன்னுதானே போன வருசம் எம்புருசனைச் சிறையில போட்டீங்க?"

பேரரசர் கசியும் கரையைப் பார்த்தார். தம் சட்டம் தம்மையே மூழ்கடிக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. கரையிலிருந்து ஒரு கல் பெயர்ந்து உருண்டது.

"என்னதான் வேண்டும்?"

"சட்டத்தை மாத்தி எழுதுங்க. மடையும் விதைப்பும் வழக்கும் எங்களோடது, எல்லைக்காவல் மட்டும் உங்களோடது. அப்படின்னா பிரியமாட்டோம்."

பேரரசர் எழுதி நீட்டினார். காத்தாயி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"மத்த ஆறு நாட்டுப் பேரையும் சேருங்க சாமி. அங்கயும் மழை பெய்யுதுல்ல?"