விசாலாட்சியின் பக்கம்

ஞானம் தேடுகிறவர்கள் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கும் சென்னியப்பன், மாடி அறை ஒன்றில் நடக்கும் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனார். அங்கே குரு தமயந்தி. குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு ஐம்பதை நெருங்குகிறது.

எதையும் இன்றைக்கே தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்ற அவசரம் சீடருக்கு. குருவுக்கு எந்த அவசரமும் கிடையாது. அதனாலேயே அவருக்குக் குருவின் மேல் மரியாதை உண்டு. அதனாலேயே எரிச்சலும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் குருவை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார்.

தமயந்தி வந்தபோது கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சென்னியப்பன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் செல்போன், இன்னொரு கை கீபோர்டில். செல்போனில் யாரோ எழுதியிருந்த வைத்தியத்தைப் படித்துப் படித்துத் தட்டிக்கொண்டிருந்தார். திரை கருப்பாக இருந்தது. தட்டியதற்கெல்லாம் அது ஒரே பதிலைத்தான் சொன்னது. எனக்குத் தெரியாது என்பதுதான் அந்தப் பதில்.

“வாங்க டீச்சர். ஒரு நிமிசம். இது ஒண்ண மட்டும் போட்டுப் பாத்துடறேன்.”

“காலையில இருந்து எத்தனைய போட்டுப் பாத்தீங்க?”

“கிடைச்சதை எல்லாம் பாத்துட்டனுங்க.”

தமயந்தி மேஜைக்குப் பின்னால் கையை விட்டுக் கீபோர்டின் வயரைப் பிடுங்கிவிட்டார்.

சென்னியப்பன் இன்னும் இரண்டு எழுத்து தட்டினார். பிறகுதான் புரிந்து கையை எடுத்தார்.

“இப்ப சொல்லுங்கண்ணா. என்ன பண்ணீங்க?”

சென்னியப்பன் சொன்னார். சொல்வதற்குள் இரண்டு முறை எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஒரே ஹார்டு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளம் போட்டிருந்தார்கள். மெஷினைப் போட்டதும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதுவே கேட்கும். விண்டோஸ் பக்கம் மனைவி விசாலாட்சிக்கு. லினக்ஸ் பக்கம் இவருக்கு. விசாலாட்சி தறிக்காரர்களுக்குப் போர்வை டிசைன் வரைந்து கொடுப்பவர். இவர் வரைவது ஒன்றும் கிடையாது. புதிதாக எந்த லினக்ஸ் வந்தாலும் இறக்கிப் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இடம் பற்றவில்லை.

காலையில் விசாலாட்சி காங்கேயத்தில் தங்கை மகளின் வளைகாப்புக்குப் போனார். தலைவலி என்று சொல்லி இவர் வீட்டில் தங்கிக்கொண்டார். அவர் தெரு முனை திரும்பியதும் தலைவலி போய்விட்டது. விசாலாட்சியின் கடவுச்சொல் இவருக்குத் தெரியும். அதைப் போட்டு உள்ளே போய், அந்தப் பக்கத்தைச் சுருக்கினார். மிஞ்சிய இடத்தைத் தன் பக்கத்தோடு சேர்த்தார். பெருமையாக மெஷினை அணைத்து மறுபடி போட்டார். அதற்குப் பிறகு இந்தக் கருப்புத் திரைதான்.

“அவங்க பக்கம் பாதி காலியாத்தான் கிடந்துச்சுங்க” என்றார்.

“காலின்னு யாரு சொன்னா?”

“டிஸ்க்கே காட்டுச்சு டீச்சர்.”

தமயந்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதுல இன்னொரு சங்கடம். நாளைக்குக் காலையில சென்னிமலையில இருந்து பெரிய தறிக்காரரு ஒருத்தர் வர்றாரு. பாத்துட்டுப் புடிச்சா மொத்த டிசைனும் விசாலா பேர்லயே நெய்யறம்னு சொல்லியிருக்காரு. ஆறேழு மாசமா உக்காந்து வரைஞ்சது. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குது.”

“வேற எங்கயும் காப்பி இல்லையா?”

“காப்பி எடுத்து வெக்கணும், ஒரு டிஸ்க் வாங்கிக் குடுங்கன்னா. நாந்தான் அடுத்த வாரம், அடுத்த வாரம்னு…”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று அவர் நினைத்திருக்கலாம்.

“சாயந்தர பஸ்ஸுக்கு வந்துடுவா டீச்சர். அதுக்குள்ள எதுவும் நடக்காத மாதிரி பண்ணிடணும். முடியுமுங்களா?”

தமயந்தி கீபோர்டை மறுபடி மாட்டினார்.

“பாக்கறதுக்கு மட்டும் ஒரு கட்டளை இருக்குது. அத மட்டும் அடிங்க. எதையும் மாத்தற கட்டளை வேண்டாம்.”

“பாத்தா சரியாயிடுமா?”

“பாருங்க.”

மெஷினை அணைத்து மறுபடி போட்டார்கள். அதே கருப்புத் திரை வந்தது. சென்னியப்பன் குரு சொன்னதை அடித்தார். டிஸ்க்கில் இருந்த பிரிவுகள் ஒவ்வொன்றும் எண்ணோடு வரிசையாக வந்து நின்றன.

“ஒவ்வொண்ணுக்குள்ளயும் என்ன இருக்குதுன்னு கேளுங்க.”

முதல் பிரிவைக் கேட்டார். தெரியாது என்றது. அடுத்ததும் தெரியாது என்றது. சென்னியப்பனின் கால் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

“எல்லாம் போயிருச்சு டீச்சர். நான் சொல்லல?”

“இன்னும் இருக்குதே.”

மூன்றாவதும் தெரியாது என்றது. கடைசிப் பிரிவைக் கேட்டபோது திரை நிறையப் பெயர்கள் வந்தன. அவருடைய லினக்ஸ் முழுசாக அங்கேதான் இருந்தது. இவர் நகர்த்தியதில் அதன் எண் மாறிவிட்டது. தொடங்கிவைக்கும் நிரல் பழைய எண்ணிலேயே போய்த் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பியிருக்கிறது.

தமயந்தி புது எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். லினக்ஸ் எழுந்தது. அடுத்த தடவை போட்டாலும் சரியாகத் தொடங்கும்படி எழுதிவைத்தார்கள்.

சென்னியப்பன் சின்னப் பையன் மாதிரி தொடையைத் தட்டினார். குரு அடுத்து என்ன சொல்கிறார் என்று கேட்கக்கூட நிற்கவில்லை. மெஷினை மறுபடி போட்டு, விண்டோஸ் பக்கம் போகும்படி அழுத்தினார்.

நீலத் திரை வந்தது. இந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது, மீட்புச் சாவியைப் போடவும் என்றது. நாற்பத்தெட்டு இலக்கம் உள்ள ஒரு எண்ணுக்கு இடம் விட்டுக் காத்திருந்தது.

சென்னியப்பன் விசாலாட்சியின் கடவுச்சொல்லை அடித்தார். அது எடுத்துக்கொள்ளவில்லை.

“இது என்ன டீச்சர்? காலையில இதைத்தானே போட்டு உள்ள போனேன்?”

“கருப்புத் திரை வந்ததுக்கு அப்புறம் பயாஸ்ல, மெஷின் தொடங்கற செட்டிங்ல, எதையாவது மாத்தினீங்களா?”

“அதுல இருந்த எல்லாத்தையும் மாத்திப் பாத்தனுங்க.”

“அதான். தொடங்கற விதமே மாறிப்போனதால, வந்திருக்கறது வேற ஆளோன்னு அது நினைக்குது. இனி கடவுச்சொல் பத்தாது. சாவி வேணும்.”

“சாவி யாருகிட்ட இருக்கும்?”

“பூட்டினவங்க கிட்ட. அவங்க போன்ல இருக்கும்.”

சென்னியப்பன் எழுந்து சமையலறைக்குப் போனார். ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்தார்.

“இதைத் தாண்டறதுக்கு வழியே இல்லையா டீச்சர்?”

“இருக்குது.”

“சொல்லுங்க, சொல்லுங்க.”

“அந்தப் பக்கத்தை மொத்தமா அழிச்சுட்டு விண்டோஸைப் புதுசா போடலாம். சாயந்தரத்துக்குள்ள முடிஞ்சுடும். ரெண்டு பக்கமும் நல்லா ஓடும்.”

“டிசைன்?”

“அது இருக்காது.”

அவர் செல்போனை எடுத்து மறுபடி தேட ஆரம்பித்தார். விரல் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனது. பூட்டை உடைக்கும் வழி தெரியும் என்று உலகத்தில் நிறையப் பேர் எழுதி வைத்திருந்தார்கள். தமயந்தி தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இதுல ஒருத்தன் முடியும்னு சொல்றானுங்க.”

“சரி.”

“நீங்க மனசு வெச்சா முடியும் டீச்சர். உங்களுக்குத் தெரியாததா? எனக்குப் பாடம் கத்துக்குடுக்கணும்னு சும்மா இருக்கறீங்க.” குரலில் கோபம் ஏறிவிட்டது. “அவ என்ன வேத்தாளா? எம் பொண்டாட்டிங்க. இது எங்க வீட்டு மெஷின்.”

“எனக்கும் முடியாதுங்கண்ணா. முடிஞ்சா அது பூட்டே இல்லை.”

வெளியே தெருவில் யாரோ வண்டியை நிறுத்தினார்கள். சென்னியப்பன் பாய்ந்து போய்ப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான். வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

“போன் பண்ணினா எதுக்குன்னு கேப்பா.”

“கேப்பாங்க.”

“என்னன்னு சொல்றது?”

சென்னியப்பன் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் நாதஸ்வரமும் பெண்களின் சிரிப்பும் கேட்டன.

“விசாலா, சாப்பிட்டியா? ஒண்ணுமில்ல, கம்ப்யூட்டர்ல என்னமோ அப்டேட் வந்துச்சு. ஒரு பெரிய நம்பர் கேக்குது. உன் போன்ல இருக்குமாமா. கொஞ்சம் படி, எழுதிக்கறேன்.”

“அப்டேட்டுக்கெல்லாம் அது கேக்காதுங்களே” என்றார் விசாலாட்சி.

சென்னியப்பன் குருவைப் பார்த்தார். குரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங், என்ன பண்ணீங்க?”

அவர் சொல்ல ஆரம்பித்தார். முதலில் பாதிதான் சொன்னார். அந்தப் பாதி நிற்கவில்லை. மீதியையும் சொல்லும்படி ஆகிவிட்டது. தலைவலி இல்லாததைக்கூடச் சொல்லிவிட்டார்.

நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“டிசைன் இருக்குதுங்களா?”

“தெரியல விசாலா.”

“இனி எதுலயும் கை வெக்காதீங்க. நான் வர்றேன்.”

“நீ எதுக்குப் பாதியில எந்திரிச்சு வர்ற? நம்பரை மட்டும் சொல்லு. நான்…”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

காங்கேயத்திலிருந்து பஸ் வந்து சேரும்வரை அந்த வீட்டில் சென்னியப்பன் உட்கார்ந்த இடமும் இல்லை, நின்ற இடமும் இல்லை. பஸ் கிடைத்ததா என்று கேட்கப் போனை எடுத்தார், வைத்தார். அறச்சலூர் தாண்டியிருக்கும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் தாண்டியிருக்காது என்றார். மின்விசிறியின் சுவிட்சைப் போட்டார், அணைத்தார். நீலத் திரையின் முன்னால் வந்து உட்கார்ந்தபோது கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. இழுத்துக்கொண்டார்.

“அவ வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணி வெக்கலாமுங்களா?”

“எதை?”

அவருக்கு எதுவும் தோன்றவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம்.

விசாலாட்சி பட்டுப் புடவையோடு வந்தார். கையில் வளைகாப்பு வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை இருந்தது. கன்னத்தில் பூசிய சந்தனம் பஸ் காற்றில் காய்ந்து உதிர்ந்திருந்தது. “வாங்க டீச்சர்” என்றார். கணவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சென்னியப்பனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சென்னியப்பன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, “நம்பரைச் சொல்லு விசாலா, நான் அடிக்கறேன்” என்றார்.

விசாலாட்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எந்திரிங்கண்ணா” என்றார் தமயந்தி.

சென்னியப்பன் எழுந்தார்.

விசாலாட்சி உட்கார்ந்து, போனைப் பார்த்துப் பார்த்து எண்ணை அடித்தார். ஒரு இடத்தில் தப்பாகிவிட்டது. அழித்துத் திருப்பி அடித்தார். சென்னியப்பனின் விரல்கள் அவருக்குப் பின்னால் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன.

பூட்டுத் திறந்தது. ஆனால் உள்ளே விடவில்லை. டிஸ்க்கைச் சரிபார்ப்பதாகச் சொல்லி நிறுத்தி வைத்தது. மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்படியே இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு விண்டோஸ் திரை வந்தது. விசாலாட்சி முதல் டிசைனைத் திறந்தார். மயில் இருந்தது. அடுத்ததைத் திறந்தார். அதுவும் இருந்தது. ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். கடைசி டிசைனை மூடியபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எவ்வளவு எடுத்தீங்க?” என்று திரையைப் பார்த்தே கேட்டார்.

“பாதிக்குக் கொஞ்சம் கம்மி.”

“எதுக்கு?”

“புதுசா ஒரு லினக்ஸ் வந்திருக்குது…”

சொல்லி முடிக்கும்போது அவர் காதுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

“நாளைக்கு வர்றவரு சரின்னுட்டா, அடுத்த மாசம் பெரிய சைஸ்ல வரையணும். அதுக்குத்தான் அந்த இடத்தை வெச்சிருந்தேன்” என்றார் விசாலாட்சி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சென்னியப்பனை அறுத்தது.

தமயந்தி எழுந்து வாசலுக்கு வந்தார். சென்னியப்பன் பின்னாலேயே ஓடி வந்தார். விசாலாட்சிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“டீச்சர், எடுத்த இடத்தைத் திருப்பிக் குடுத்தரலாமுங்களா? இல்ல, மறுபடி கை வெச்சு வம்பாயிடும், இப்படியே இருக்கட்டுமுங்களா?”

தமயந்தி செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“யாரைக் கேக்கறீங்க?”