புற்றுக்கு ஏன் பல மூக்கு?

அந்தக் காலத்தில், பூமிக்கு அடிக்கடி விக்கல் எடுத்துக்கொண்டிருந்தபோது, கறையான் புற்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மூக்குதான் இருந்தது. புற்றின்மேல் மண்ணால் எழுப்பிய அந்தக் குழாய் வழியாகத்தான் உள்ளே காற்று போகும். அடியில் தாய்க்கறையான் கிடப்பாள். உடம்பு பெருத்துப்போன அவளால் ஓரடி நகர முடியாது. மூக்கு அடைத்தால் அவள் கதை முடிந்தது.

குளத்துமேட்டுப் புற்றில் மூக்குக் கட்டும் பொறுப்பு பொடிச்சியுடையது. பெயர்தான் பொடிச்சி, அவள் ஓர் அதட்டல் போட்டால் ஆயிரம் கறையான்கள் மண் சுமக்கும். மூக்கைக் குட்டையாக, கெட்டியாகக் கட்டி வைத்திருந்தாள். "தரையோட தரையா இருக்கிறது எங்கடி விழப்போகுது?" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

ஒருநாள் பூமி விக்கியது, நிலமெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. குட்டை மூக்கு பொலபொலவென்று உதிர்ந்து அடைத்துக்கொண்டது. அடுத்த புற்றின் நெட்டை மூக்கோ ஒன்றுமே நடக்காததுபோல நின்றது. மண்ணைக் குடைந்து தாய்க்கு மூச்சு வரவைப்பதற்குள் பொடிச்சிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"இனிமே நெட்டையாக் கட்டுங்கடி!" என்றாள். கட்டினார்கள்.

மறுபடி விக்கல் வந்தது. நெட்டை மூக்கு இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்து நடுவில் முறிந்தது. இங்கே எப்படியோ ஒரு சின்ன ஓட்டை குடைந்து தாய்க்குக் கொஞ்சம் மூச்சு வரவைத்தார்கள். அடுத்த புற்றினுடையதும் முறிந்தது. அங்கே குடைந்து முடிப்பதற்குள் அவர்களுடைய தாய் போய்விட்டாள். அக்கரையில் யாரோ அரைகுறையாக விட்டுப்போன குட்டை மூக்கு மட்டும் சிரித்துக்கொண்டு நின்றது.

பொடிச்சிக்குத் தலை சுற்றியது. கரையோரம் கிடந்த தேரையிடம் போனாள்.

"தேரையண்ணே, அன்னைக்குக் குட்டை விழுந்துச்சு. இன்னைக்கு நெட்டை விழுந்துச்சு. நான் எதைத்தான் கட்டித் தொலைக்க?"

"விழுந்ததையே பாக்குறியே, விக்கலைப் பாத்தியா?" என்றது தேரை. "மொத விக்கல் பக்கத்துக் குன்றுல எடுத்தது. வெடவெடன்னு நடுக்கிட்டுப் போச்சு. ரெண்டாவது ரொம்பத் தூரத்துலருந்து வந்துச்சு. சின்ன நடுக்கமெல்லாம் வழியிலயே தேஞ்சுபோயி, நீள அலை மட்டும் வந்து சேந்து தொட்டில் மாதிரி ஆட்டுச்சு. வெடவெடப்போட குட்டை சேந்து ஆடும். தொட்டிலாட்டத்தோட நெட்டை சேந்து ஆடும். சேந்து ஆடுறதுதான் விழும்."

"அப்போ அடுத்தது எப்படி வரும்?"

"என்னைக் கேட்டா? பூமியப் போய்க் கேளு."

தேரை சொன்னபோது பொடிச்சிக்குப் புரிந்த மாதிரி இருந்தது. புற்றுக்குத் திரும்புவதற்குள் புரியாமல் போய்விட்டது. அங்கே ஒரே கூச்சல். பாதிப் பேர் நெட்டை என்றார்கள், பாதிப் பேர் குட்டை என்றார்கள். அடியிலிருந்து தாயின் குரல் இழுத்து இழுத்து வந்தது.

"ஏண்டி பொடிச்சி, என்னத்தடி கட்டப்போற? மூச்சு முட்டுதுடி..."

"தெரியலையே ஆத்தா!" என்று பொடிச்சி ஓவென்று அழுதாள். பிறகு, அதுவரை எந்தத் தலைவியும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "எனக்குத் தெரியலடி! அவளவளுக்குத் தோணுறபடி கட்டுங்க!"

விடுவார்களா? ஒருத்தி நெட்டையாக எழுப்பினாள், ஒருத்தி குட்டையாக நிறுத்தினாள், இரண்டும் கெட்டானாகவும் சிலது எழும்பின. "இது புற்றா, பல்லு போன சீப்பா?" என்று தேரை கேலி செய்தது. பொடிச்சி வெட்கத்தில் வெளியே தலை காட்டவில்லை.

மூன்றாம் விக்கல் வந்தது. அது வெடவெடவென்று வந்ததா, ஆடி அசைந்து வந்ததா என்று அவளுக்கு நினைவில்லை. மேலே ஏதேதோ முறிந்து விழும் சத்தத்தில் பதறிக்கொண்டு தாயிடம் ஓடினாள். தாய் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். விழுந்தது போக மிச்சம் நின்ற மூக்குகள் வழியே காற்று இறங்கிக்கொண்டிருந்தது. நின்றது நெட்டையா குட்டையா என்று போய்ப் பார்க்கவும் பொடிச்சிக்குத் தோன்றவில்லை. தாயின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அன்று முதல்தான் கறையான் புற்றில் நெட்டையும் குட்டையுமாகப் பல மூக்குகள் நிற்கின்றன. அடுத்த விக்கல் எப்படி வரும் என்று கறையான்களுக்கு இன்றைக்கும் தெரியாது.