மூடாமல் விட்ட டேக்

இஸ்மத் பானுவிடம் எட்டுப் பேர் வெப் பேஜ் செய்யப் படித்தார்கள். எட்டுப் பேருமே அவரைவிட மூத்தவர்கள். அவருக்கு இருபத்தொன்பது வயது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. அவர் மாணவர்களை அக்கா, அண்ணன் என்பார். அவர்கள் அவரை மேடம் என்பார்கள்.

அதிகம் பேச மாட்டார். ஏதாவது கேட்டால் பெரும்பாலும் பதிலுக்குப் பதிலாக ஒரு வேலைதான் வரும்.

முதல் நாள் ஒருவர், "டேக்னா என்ன மேடம்?" என்று கேட்டார்.

இஸ்மத் எழுந்து போய் ஃபேன் சுவிட்சைப் போட்டார். மேஜையில் இருந்த தாள்கள் பறந்தன.

"இது எப்ப நிக்கும்ணே?"

"நீங்க ஆஃப் பண்ணா."

"பண்ணலேன்னா?"

"சுத்திக்கிட்டேதான் இருக்கும்."

"அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். திறந்த டேக்கை மூட வேண்டும், வரியை ஒடிக்கும் பி.ஆர். மாதிரி ஒருசில ஒத்தை டேக்குகளுக்கு மட்டும் மூடுவது கிடையாது என்பதையும் அன்றே சொன்னார்.

எட்டுப் பேரில் கெட்டிக்காரி வடிவு. முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். அவள் செய்யும் பக்கங்களில் நிறம், நிழல், வளைந்த ஓரம் எல்லாம் இருக்கும். யாரும் காப்பி அடித்துவிடக் கூடாதென்று தன் பக்கங்களில் ரைட் கிளிக் வேலை செய்யாதபடி பூட்டு வேறு போட்டிருந்தாள். இஸ்மத் கண்ட்ரோல் யூ அழுத்தி உள்ளே இருப்பதைப் படித்துக்கொள்வார். பூட்டைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

வடிவு சேர்ந்து இரண்டு மாதம் கழித்து வந்து சேர்ந்தவள் ஜெபக்கனி. ஒற்றை விரலால் டைப் அடிப்பாள். தெரியாததை எல்லாரிடமும் வெட்கமில்லாமல் கேட்பாள். அவள் பக்கம் வெள்ளையில் கறுப்பு எழுத்து, வேறொன்றும் இருக்காது. அதைப் பார்த்து ஒருநாள் இஸ்மத், "வாசிக்க நல்லாருக்குக்கா," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்று மதியம் வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு மாதத்தில் மேடம் தன்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதுண்டா என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு விரல்கூட மடங்கவில்லை. நேற்று வந்தவளுக்கு இவ்வளவு இடமா என்று நினைத்தாள். ஜெபக்கனி சிரித்தால் எரிச்சலாக இருந்தது. சிரிக்காமல் இருந்தால், கர்வத்தைப் பார் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் மதுரைக் கம்பெனி ஒன்று ஓராளைக் கேட்டது. வீட்டில் இருந்தபடியே வேலை. வடிவு ஏழு மாதமாக மாடி ஏறியதே அப்படி ஒரு வேலைக்காகத்தான். யார் பெயரை அனுப்புவது என்று முடிவு செய்ய இஸ்மத் எல்லாருக்கும் ஒரே வேலை கொடுத்தார்: ஊருக்குள் வந்து போகும் பஸ் நேரங்களை ஒரு பக்கத்தில் பட்டியலாகப் போட வேண்டும். நின்றுபோன பஸ் இருந்தால் அதன் மேல் கோடு அடித்துக் காட்ட வேண்டும்.

ஜெபக்கனி வடிவின் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள்.

"வடிவுக்கா, கோடு அடிக்க எந்த டேக்?"

"எஸ்."

"எங்கக்கா மூடணும்?"

வடிவு அவளைப் பார்க்காமலே சொன்னாள். "எஸ்ஸுக்கு மூடுறது கிடையாது. பி.ஆர். மாதிரி அதுவும் ஒத்தை டேக்."

"நீங்க இல்லேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்," என்று ஜெபக்கனி எழுந்து போனாள்.

பொய் சொல்லி முடித்ததும் வடிவு தன் திரைக்குத் திரும்பிக்கொண்டாள். திருத்திச் சொல்லவில்லை. எஸ்ஸை மூடாவிட்டால் அதற்குப் பிறகு வரும் பஸ் அத்தனையின் மேலும் கோடு விழும். ஊரில் ஒரு பஸ்கூட ஓடவில்லை என்று ஜெபக்கனியின் பக்கம் சொல்லும். மேடம் முகத்தை அப்போது பார்க்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. நின்றுபோனது இரவு 9.40 திருச்சுழி பஸ். பட்டியலில் அதுதான் கடைசி. அதற்குக் கீழே கோடு விழ ஒன்றுமே இல்லை. ஜெபக்கனியின் பக்கம் அச்சுப் பிசகாமல் நின்றது. கெடுக்கப் போனால்கூட அவளுக்கு நல்லதாக முடிகிறதே என்று வடிவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் கீழே இறங்கிப் போயிருந்தார்கள். வடிவு இஸ்மத்தின் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கக்கா."

"பார்க்கச் சரியா இருக்கு. ஆனா உள்ள தப்பு இருக்கு. அந்தப் பக்கத்தைச் சரின்னு சொல்லலாமா?"

"யாரு பக்கம்?"

"சும்மா பொதுவாத்தான் கேட்டேன்."

இஸ்மத் தன் நாற்காலியை விட்டு எழுந்தார். "உக்காருங்கக்கா. ஜெபக்கனி அக்கா ஃபைலைத் திறங்க. ராத்திரி பத்தேகாலுக்கு மதுரைக்குப் புதுசா ஒரு பஸ் விட்டிருக்காங்க. அதைக் கடைசியில சேத்துக் குடுங்க."

வடிவுக்குக் கை துறுதுறுத்தது. ஃபைலைத் திறந்ததும் ஒரே தாவாகக் கடைசி வரிக்குப் போனாள். திருச்சுழிக்குக் கீழே மதுரையை அடித்தாள். சேவ் செய்து, திரையின் மறுபாதியில் பக்கத்தைத் திறந்தாள். மதுரையின் மேலும் கோடு விழுந்திருந்தது.

"பாத்தீங்களா மேடம்! ஓடுற பஸ்ஸு நின்னுபோச்சுன்னு காட்டுது!" அவள் குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்கே கேட்டது.

"ஏன்க்கா அப்படி?"

"எஸ்ஸை மூடவே இல்ல. அடிப்படையே தெரியல அவளுக்கு."

"ஓ," என்றார் இஸ்மத். "ஃபைல்ல முதல் வரிக்குப் போங்க. அங்கேருந்து எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

வடிவு மேலே போனாள். ஃபைலின் தலையில், பக்கத்தைப் பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி எழுதும் குறிப்பு ஒன்று இருந்தது. ஜெபக்கனி எழுதியது. வடிவு சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள்.

"தலைப்புக்கு எச் ஒன் போடணும், மேடம் சொன்னது. பட்டியலுக்கு யூ.எல்., கதிரேசன் அண்ணன் சொன்னது. போன் நம்பரைத் தொட்டா கால் போற மாதிரி பண்றது, பாத்திமுத்து அக்கா சொன்னது. கோடு அடிக்க எஸ். அது ஒத்தை டேக், மூட வேண்டாம்..."

குரல் நின்றுவிட்டது.

"வாசிங்கக்கா."

"...வடிவுக்கா சொன்னது."

"இன்னும் ஒரு வரி இருக்கு."

வடிவு வாசிக்கவில்லை. இஸ்மத்தும் வற்புறுத்தவில்லை. 'சொல்லித் தந்த எல்லாருக்கும் நன்றி' என்று திரையில் இருந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வடிவு தன் பெயர் இருந்த வரியைத் தேர்ந்தெடுத்தாள்; விரல் அழிக்கும் பட்டனுக்குப் போனது. ஒரே அழுத்து, அந்த வரி போய்விடும். பக்கத்தில் எந்த மாற்றமும் தெரியாது. விரல் பட்டன் மேலேயே இருந்தது. இஸ்மத் ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸைப் பார்ப்பது போல நின்றிருந்தார்.

ஜெபக்கனி டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். வடிவின் முன்னால் தன் பக்கம் திறந்திருப்பதையும், புதிய பஸ்ஸின் மேல் கோடு விழுந்திருப்பதையும் பார்த்தாள்.

"ஐயையோ! நான் என்னக்கா தப்புப் பண்ணேன்?"

வடிவு விரலை எடுத்தாள்.

"நீ ஒண்ணும் பண்ணல. எஸ்ஸை மூடணும். நான் உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன்."

"போகட்டும்க்கா. ஞாபகத்துல மாறியிருக்கும்."

"மாறல. தெரிஞ்சேதான் சொன்னேன். மேடம் உன்னை நல்லாருக்குன்னு சொன்னாங்கல்ல. என்னால பொறுக்க முடியல."

ஜெபக்கனி டிபன் பாக்ஸைக் கீழே வைத்தாள். வடிவின் தோளைத் தாண்டிக் கை நீட்டி, ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்து, திருச்சுழிக்குப் பின்னால் எஸ்ஸை மூடிச் சேவ் செய்தாள். மதுரை பஸ்ஸின் மேல் இருந்த கோடு மறைந்தது. பிறகு வடிவின் முகத்தைப் பார்க்காமல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வடிவுக்கு.

அவள் எழுந்து இஸ்மத்தின் அருகே போனாள்.

"மதுரைக் கம்பெனிக்கு அவ பேரையே அனுப்புங்க மேடம்."

"அவங்க பேரை நேத்தே அனுப்பிட்டேன்க்கா."

"அந்தத் தப்போடயா?"

"தப்போடதான். அது அவங்க தப்பு இல்லையே."

வடிவுக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு மேடம் இன்னைக்கு என்னை உக்கார வச்சீங்க?"

இஸ்மத் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"அடுத்த மாசம் இன்னொரு கம்பெனிக்கு ஆள் வேணுமாம். உங்க பேரைக் குடுக்கலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியல. அந்தப் பட்டன்ல இருந்து நீங்க விரலை எடுக்குற வரைக்கும் தெரியல."